அடுத்த பிழை எங்கே? எடிட்டரில் பஃபர் தாண்டிப் போக நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: “அண்ணே, ஒரே கீயத்தான் அமுக்குறேன். ஒரு தடவ கம்பைலர் சொன்ன எடத்துக்குப் போவுது. அடுத்த தடவ அதே ஃபைல்ல வேற எங்கயோ போயி நிக்குது. எத நம்புறது?” கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு அவரும் நண்பர்களும் சின்னதாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதுகிறார்கள். ‘அடுத்த பிழை’ என்ற கட்டளையை எதோடு கட்டுவது என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்தும் இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வருகிறது. ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் அமைப்பை மாற்றப் பார்ப்பவர்கள், நியோவிம் என்ற எடிட்டருக்கு (விம் எடிட்டரின் புதிய கிளை) ப்ளகின் எழுதுபவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

பேச வசதியாக ஓர் உதாரணம். திருவாரூர் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கணக்கு எழுதும் சி நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விவசாயி நிலத்தை மாவில் சொல்வார். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. காகிதத்தில் ஏக்கர் வேண்டும். ஏறக்குறைய 3 மா ஒரு ஏக்கர். இந்த மாற்றத்தைச் செய்யும் ஃபங்ஷன் இதுவரை மாவை மட்டும் வாங்கிக்கொண்டது. இப்போது குழியையும் சேர்த்து வாங்கும்படி மாற்றுகிறோம். உடனே அதைக் கூப்பிடும் இடமெல்லாம் உடைகிறது. மேக் (நிரல் முழுவதையும் கம்பைல் செய்யும் கட்டளை) ஓட்டினால் ஐந்து பிழைகள்: கொள்முதல் ஃபைலில் இரண்டு, ரசீது ஃபைலில் ஒன்று, அறிக்கை ஃபைலில் இரண்டு.

முதல் இரண்டையும் கொள்முதலில் சரிசெய்தாயிற்று. மூன்றாவது முறை அமுக்கியதும் ரசீது பஃபர் (எடிட்டருக்குள் திறந்து வைத்த ஃபைல்) திறக்கிறது. அதையும் சரிசெய்துவிட்டு நான்காவது முறை அமுக்குகிறோம். கம்பைலர் பட்டியல்படி அறிக்கை ஃபைலுக்குப் போக வேண்டும். ஆனால் ரசீது பஃபரில் நேரலைப் பிழைசோதனை (தட்டச்சு செய்யும்போதே பிழை பார்ப்பது) ஓடிக்கொண்டிருக்கிறது. சாக்கு எண்ணிக்கைக்கு அறிவித்து யாரும் பயன்படுத்தாத மாறி ஒன்று அங்கே கிடக்க, அதன் மேல் ஒரு மஞ்சள் எச்சரிக்கை. கர்சர் அங்கே போய் நிற்கிறது. எடிட்டர் தப்பாக எதுவும் செய்யவில்லை; ‘இந்த பஃபரில் அடுத்தது’ என்று புரிந்துகொண்டது. நாம் கேட்டது ‘இந்த வேலையில் அடுத்தது’.

ஆக, எந்தப் பட்டியலில் அடுத்தது, அந்தப் பட்டியல் எப்போது மாறுகிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டிய விஷயம். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், அமுக்குவதற்கு முன்பே எங்கே போகும் என்று தெரிகிறதா என்பது. இதில் தோற்ற வடிவமைப்பு மற்றதில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் எனக்கு ஒத்துவராது. விசைப்பலகையில் கை பழகுவதே, அதே அசைவுக்கு அதே விளைவு கிடைப்பதால்தான்.

அடுத்தது, ‘முந்தையது’ அமுக்கினால் வந்த வழியே திரும்ப முடிகிறதா. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். பாதி வடிவமைப்புகள் இங்கேதான் உடைகின்றன.

மூன்றாவது, நடுவில் திருத்தினால் இடங்கள் நகராமல் நிற்கின்றனவா. முதல் பிழையைச் சரிசெய்ய நான்கு வரி சேர்த்தால், கீழே உள்ள பிழைகளின் வரி எண்கள் எல்லாம் நான்கு தள்ளிப் போகும்.

நான்காவது, திறக்காத ஃபைலில் உள்ள பிழையும் கணக்கில் வருகிறதா. ஐந்தாவது, இதை எழுதிப் பராமரிக்க எவ்வளவு உழைப்பு. ஒரு செமஸ்டரில் முடிக்க வேண்டிய மாணவர்களுக்கு இந்த ஐந்தாவதே முதலாவது.

## வழி 1: எடிட்டர் முழுதுக்கும் ஒரே பட்டியல்

விம் எடிட்டரின் குவிக்ஃபிக்ஸ் என்ற பிழைப் பட்டியல் வசதி இதற்குச் சரியான உதாரணம். அமிகா கணினியில் மான்க்ஸ் நிறுவனத்தின் ஆஸ்டெக் சி கம்பைலரில் இருந்த குவிக்ஃபிக்ஸ் வசதியைப் பார்த்து எடுத்துக்கொண்டது என்று விம்மின் உதவிப் பக்கமே சொல்கிறது. மேக் ஓட்டினால் வெளியீட்டைப் பிரித்து ஒரு பட்டியலாக்கும். சிநெக்ஸ்ட் என்றால் அடுத்தது, சிப்ரீவ் என்றால் முந்தையது. எந்த பஃபரில் நின்றாலும் ஒரே விடை. நம் உதாரணத்தில் நான்காவது அமுக்கு கண்டிப்பாக அறிக்கை ஃபைலுக்குப் போகும்.

இடம் நகரும் பிரச்சினைக்கு விம் மறைவான குறிகள் வைக்கிறது. வரி சேர்த்தாலும் நீக்கினாலும் குறி கூடவே நகரும். விம்மை மூடித் திறந்தால் குறிகள் போய்விடும். அதுவரை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மறைவான செலவு என்ன? ஐந்து பிழைகளில் மூன்றாவதில் நிற்கும்போது, ‘இந்த ஃபங்ஷன் வேறெங்கே இருக்கிறது’ என்று ஒரு க்ரெப் (ஃபைல்களுக்குள் சொல் தேடும் கட்டளை) ஓட்டினால் போதும், பிழைப் பட்டியல் இருந்த இடத்தில் தேடல் பட்டியல் வந்து உட்கார்ந்துகொள்ளும். விம் இதற்குக் கடைசிப் பத்து பட்டியல்களை நினைவில் வைத்திருக்கிறது. சிஓல்டர் அடித்தால் பழையது திரும்பும். இது உயிர் காக்கும் கட்டளை. ஆனால் விம்மில் பல வருஷம் ஊறியவர்களிலேயே பலருக்கு இது இருப்பது தெரியாது. நீங்கள் இந்த வழியை எடுத்தால் பழைய பட்டியலுக்குத் திரும்பும் வசதியைக் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள்.

இன்னொரு சிக்கல், சேமிக்காத பஃபர். விம்மில் ஹிடன் என்ற அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும். மாற்றியதைச் சேமிக்காமல் சிநெக்ஸ்ட் அடித்தால், அடுத்த பிழை வேறு ஃபைலில் இருக்கும்போது நகர மறுத்துவிடும். நியோவிமில் அது இயல்பிலேயே இயங்குகிறது. புது எடிட்டர் எழுதுபவர்கள் நியோவிம் பக்கம் நிற்பதே நல்லது. பிழையிலிருந்து பிழைக்குப் போகும்போது ‘சேமிக்கவா’ என்ற கேள்வி குறுக்கே வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பெரிய மறுசீரமைப்பு, பல ஃபைலில் பெயர் மாற்றம், நீண்ட பிழைப் பட்டியலை மேலிருந்து கீழாகத் தீர்ப்பது, இதற்கெல்லாம் இதை அடிக்க வேறு வழி இல்லை. ஒரே எடிட்டரில் இரண்டு ப்ராஜெக்டைத் திறந்து வைத்து மாறி மாறி வேலை செய்பவருக்குத்தான் தொல்லை.

## வழி 2: விண்டோவுக்கு ஒரு பட்டியல்

அந்தத் தொல்லைக்கு விம்மே 2006இல் ஏழாம் பதிப்பில் ஒரு மருந்து கொடுத்தது: லொகேஷன் லிஸ்ட். ஒவ்வொரு விண்டோவுக்கும் அதன் சொந்தப் பட்டியல். இடது விண்டோவில் ஆலைக் கணக்கின் பிழைகள், வலதில் வேறொரு தேடலின் முடிவுகள். எல்நெக்ஸ்ட் அடித்தால் நீங்கள் நிற்கும் விண்டோவின் பட்டியலில் மட்டும் நகரும்.

படிக்க அழகாக இருக்கிறது. புழக்கத்தில், விண்டோவை இரண்டாகப் பிரித்தால் புதிய விண்டோவுக்கும் பட்டியலின் நகல் ஒன்று போகிறது. இரண்டு நகலும் அதற்குப் பிறகு தனித்தனி வழியில் போகும். எதில் எத்தனாவதில் நின்றோம் என்று நினைவு வைத்துக்கொள்வது நம் தலையெழுத்து. விண்டோவை மூடினால் பட்டியலும் கூடவே போச்சு. இதற்கு மேல் சி-யில் தொடங்கும் கட்டளையா எல்-லில் தொடங்கும் கட்டளையா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். விண்டோ என்பது திரையை எப்படிப் பங்கு போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வேலை என்பது வேறு. இரண்டையும் முடிச்சுப் போடுவது எனக்கு என்றுமே இயல்பாகப் படவில்லை.

ஒரே ஃபைலுக்குள் தேடிப் பார்ப்பது, உதவிப் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடுவது மாதிரி சில்லறை வேலைகளுக்கு நன்றாகப் பொருந்தும். இதையே முதன்மை வழியாக வைக்கச் சொல்ல மாட்டேன்.

## வழி 3: எடிட்டரே ஊகிப்பது

ஈமேக்ஸில் நெக்ஸ்ட்-எரர் என்று ஒரே கட்டளை. கம்பைல் பஃபர், க்ரெப் பஃபர், ஆக்கர் பஃபர் (ஒரு பஃபருக்குள் தேடிய முடிவுகள்) எல்லாவற்றுக்கும் அதுவே. மெட்டா-ஜி என் (ஆல்ட்டோடு ஜி, பிறகு என்) அமுக்கினால் போதும். எந்த பஃபர் வேண்டுமானாலும் ‘என்னிடம் அடுத்தது என்று கேட்டால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று பதிவு செய்துகொள்ளலாம். இந்தப் பொதுமை ஈமேக்ஸின் பெரிய பலம். புதிதாக ஒரு கருவி எழுதுபவர் தன் பட்டியலை இதில் செருகிவிட்டால், பயனருக்குப் புது விசை எதுவும் கற்றுத்தர வேண்டாம்.

இத்தனை பஃபர்கள் ‘என்னிடம் பட்டியல் இருக்கிறது’ என்று கை தூக்கும்போது யாரைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் ஊகம் வருகிறது. திரையில் ஏதாவது பட்டியல் தெரிகிறதா, கடைசியாக எந்தப் பட்டியலில் நகர்ந்தோம், இப்போது நிற்கும் பஃபருக்கே பட்டியல் உண்டா என்று வரிசையாகப் பார்க்கும் விதிகள். ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமானதே. திரையில் க்ரெப் முடிவு தெரிந்தால் அதில்தானே நகர விரும்புவார்? ஆமாம். ஆனால் அந்த விண்டோவை இடம் போதவில்லை என்று மூடினால், அதே விசைக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. ஒரு விண்டோவை மூடியதால் வழிசெலுத்தல் மாறும் என்று யார் எதிர்பார்ப்பார்?

ஃப்ளைமேக், ஃப்ளைசெக் போன்ற நேரலைப் பிழைசோதனைகள் வந்தபிறகு இது முற்றியது. முன்பெல்லாம் பட்டியல் வைத்திருக்கும் பஃபர்கள் தனியாகவும் நிரல் எழுதும் பஃபர்கள் தனியாகவும் இருந்தன. இப்போது நிரல் எழுதும் பஃபர் ஒவ்வொன்றும் தானே ஒரு பட்டியல். கம்பைலர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ரசீது ஃபைலுக்குள் நுழைந்தால், ரசீது ‘இனி என் முறை’ என்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்று முதலிலேயே பேசி வைத்துவிடுவார்கள். நடுவில் ஒருவர் தன் வயல் பக்கம் திருப்பிவிட்டால் சண்டைதான். எடிட்டரிலும் முறையை மாற்றும் உரிமை நுழைந்த பஃபருக்கு இருக்கக் கூடாது.

2020இல் வந்த ஈமேக்ஸ் 27 இதில் இரண்டு நல்ல காரியங்களைச் செய்தது. ‘இனி இந்த பஃபரின் பட்டியலில்தான் நகர வேண்டும்’ என்று பயனரே வெளிப்படையாகச் சொல்ல ஒரு கட்டளை. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற விதியையே சொந்தமாக எழுதிச் செருக ஒரு மாறி. கூடவே, வந்து நிற்கும் இடம் எந்த பஃபரின் பட்டியலிலிருந்து வந்தது என்று கீழே ஒரு வரியில் சொல்லவும் செய்கிறது. இந்த மூன்றாவது சின்ன விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்தால், தப்பான இடத்துக்கு வந்தாலும் ஏன் வந்தோம் என்று உடனே புரியும்.

ஊகிக்கும் வழியின் மறைவான செலவு எழுதுபவருக்கே. இதைச் சோதிக்க டெஸ்ட் எழுதுவது பெரும்பாடு. எந்த விண்டோ திறந்திருந்தது, எந்த பஃபர் கடைசியாகத் தொடப்பட்டது என்பதெல்லாம் முடிவை மாற்றும். ‘சில சமயம் தப்பான இடத்துக்குப் போகிறது’ என்று பயனர் புகார் அனுப்புவார். உங்கள் மெஷினில் அது நடக்கவே நடக்காது.

தன் எடிட்டரைத் தானே செதுக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு இது நல்ல வழி. முதல் எடிட்டர் எழுதும் குழுவுக்குப் பொறி.

## வழி 4: நேரலைப் பிழைகள், கர்சருக்கு அடுத்தது

எடிட்டரும் மொழிச் சேவகனும் பேசிக்கொள்ள 2016இல் மைக்ரோசாஃப்ட் எல்எஸ்பி என்ற நெறிமுறையை வெளியிட்ட பிறகு பெரும்பாலான எடிட்டர்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. மொழிச் சேவகன் (நிரலைப் படித்துப் பிழை சொல்லும் தனி நிரல்) ஒன்று பின்னால் ஓடி, நீங்கள் தட்டச்சு செய்யச் செய்யப் பிழைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். விஎஸ் கோடில் எஃப்8 அமுக்கினால் ஃபைல் தாண்டியும் அடுத்த பிழைக்குப் போகும். ஆல்ட் சேர்த்து அமுக்கினால் இந்த ஃபைலுக்குள் மட்டும். நியோவிம் 0.10 முதல் வலப் பகர அடைப்பும் டி-யும் சேர்த்து அமுக்கினால் இந்த பஃபரில் அடுத்த பிழை.

எழுதும்போதே பிழையைப் பிடிக்க இதைவிடச் சுகமான வழி கிடையாது. மேக் ஓட்ட வேண்டாம், பட்டியல் பழசாகாது. கையில் இருக்கும் ஃபைலில் சிவப்புக் கோடு தெரிகிறது, ஒரு விசை, போய்ச் சேர்ந்தாயிற்று.

செலவுகள் மெதுவாகத்தான் தெரியவரும். நம் உதாரணத்தையே எடுங்கள். சி மொழிக்குப் பெரும்பாலோர் போடும் மொழிச் சேவகன் க்ளாங்டி. அது திறந்திருக்கும் ஃபைல்களின் பிழைகளை மட்டுமே அனுப்பும். கொள்முதல் ஃபைல் மட்டும் திறந்திருந்தால் ஐந்தில் இரண்டுதான் கண்ணில் படும். அவற்றைச் சரிசெய்து எஃப்8 அமுக்கினால் பிழை எதுவும் இல்லை என்று வரும். நிம்மதியாகக் கமிட் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், மறுநாள் ஆலைக்காரர் கூப்பிடும்வரை. ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் பக்கமும் விஎஸ் கோடில் இயல்பான நடத்தை இதேதான். ‘பிழை இல்லை’ என்பதும் ‘திறந்த ஃபைலில் பிழை இல்லை’ என்பதும் திரையில் ஒன்றுபோலத் தெரிவது இந்த வழியின் பெரிய பொய். உங்கள் எடிட்டரில் அந்தச் செய்தியையாவது சரியாக எழுதுங்கள்.

இரண்டாவது, பட்டியல் காலடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓர் அடைப்புக்குறியைத் திறந்து இன்னும் மூடவில்லை, அந்த அரை நிமிஷத்துக்கு ஃபைல் முழுக்கச் சிவப்பு. அந்த நேரத்தில் ‘அடுத்தது’ அமுக்கினால் இல்லாத பிழைக்குப் போவீர்கள். ‘முந்தையது’ அமுக்கினால் வந்த இடம் இருக்காது, ஏனென்றால் அதைத்தான் சரிசெய்துவிட்டீர்களே. பட்டியலை வேலைக் குறிப்பாக வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போக நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

மூன்றாவது நினைவகம். புது மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நினைவகம் குறைந்த பழைய விலையில்லா மடிக்கணினியில் பிரவுசரும் மொழிச் சேவகனும் சேர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்பது டெல்டா மாணவர்கள் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

## எத்தனாவது எழுத்து? தமிழ் இருக்கும் வரியில் எல்லா வழியும் தடுமாறும்

இது நான்கு வழிக்கும் பொது. ஆங்கிலத்தில் மட்டும் நிரல் எழுதுபவர் கண்ணில் படவே படாது. நம் நிரல்களில் தினமும் படும்.

ரசீதில் அச்சிடும் வரி ஒன்று. மேற்கோள்குறிக்குள் ‘தஞ்சாவூர்’ என்று இருக்கிறது, அதே வரியில் அதற்குப் பின்னால் பிழை. கம்பைலர் வரி எண்ணோடு பத்தி எண்ணும் (வரியில் எத்தனாவது இடம் என்பது) தருகிறது. அந்த எண் எதை எண்ணியது? படிக்கிற நமக்குத் தஞ்சாவூர் ஐந்து எழுத்து: த, ஞ், சா, வூ, ர். யூனிகோடுக்கு ஒன்பது குறிகள், ஏனென்றால் புள்ளியும் காலும் தனித்தனி. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இங்கே ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 27. கம்பைலர் பைட்டை எண்ணி, எடிட்டர் யூனிகோடு குறிகளை எண்ணினால், கர்சர் 18 இடம் தள்ளிப் போய் நிற்கும். வரி சிறியதாக இருந்தால் வரிக் கடைசியில் போய் முட்டும்.

ஜிசிசி கம்பைலர் பதினோராம் பதிப்புக்கு முன்வரை பைட்டைத்தான் எண்ணியது. 2021இல் வந்த பதினொன்றிலிருந்து இயல்பாகத் திரை அகலத்தை எண்ணுகிறது. பைட்டே வேண்டும் என்றால் கட்டளையில் சொல்லலாம். திரை அகலக் கணக்கு மேலே சொன்ன மூன்று எண்ணில் எதனோடும் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். எல்எஸ்பி இயல்பில் யுடிஎஃப்-16 (யூனிகோடைச் சேமிக்கும் இன்னொரு முறை) அலகை எண்ணுகிறது. 2022இல் வந்த 3.17 பதிப்பில் எடிட்டரும் சேவகனும் பேசி வேறு முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று வந்தது.

வழக்கமான தமிழ் எழுத்துக்கு யுடிஎஃப்-16 அலகும் யூனிகோடு குறியும் ஒன்றே, அதனால் தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் 2019இல் யூனிகோடு 12இல் பழைய தமிழ்ப் பின்னங்களும் அளவுக் குறிகளும் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. குழிக்கும் வேலிக்கும் அதில் தனிக் குறிகள் உண்டு. பழைய நிலப் பத்திரத்தைப் பார்த்து யாராவது அந்த வேலிக் குறியை நிரலில் ஒட்டினால், அது யுடிஎஃப்-16இல் இரண்டு அலகு, யுடிஎஃப்-8இல் நான்கு பைட். உங்கள் எடிட்டரைச் சோதிக்க இதைவிடக் கொடூரமான ஒற்றை வரி கிடையாது. டெஸ்ட் ஃபைலில் முதல் வரியாக வையுங்கள்.

நடைமுறையில், பட்டியலில் ஒவ்வொரு இடத்தோடும் ‘இந்த எண் எந்த அலகில்’ என்பதையும் சேர்த்துச் சேமியுங்கள். பஃபர் திறக்கும்போது ஒரே ஒரு முறை உங்கள் உள் அலகுக்கு மாற்றுங்கள். அப்புறம் விம் மாதிரி பஃபரில் மறைவான குறி வைத்து, எண்ணை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு முறை நகரும்போதும் கணக்குப் போட்டால், நடுவில் வரியைத் திருத்தியபின் கணக்கு பிசகும்.

குறி என்றதும் இன்னொன்று. சேமிக்கும்போது நிரலை ஒழுங்குபடுத்தும் கருவிகள் பலரிடம் ஓடுகின்றன. அந்தக் கருவி தரும் வெளியீட்டை வாங்கி பஃபர் முழுவதையும் அழித்து மாற்றினால், உள்ளே இருந்த குறிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். மாறிய வரிகளை மட்டும் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ‘குறி வைத்தோம், ஆனால் வேலை செய்யவில்லை’ என்பவர்கள் அதிகம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | ஒரே பட்டியல் | விண்டோவுக்கு ஒன்று | ஊகிப்பது | நேரலை |
|---|---|---|---|---|
| எங்கே போகும் என்று முன்பே தெரிவது | தெரியும் | எந்த விண்டோ என்று நினைவிருந்தால் | பழகிய பிறகும் சந்தேகம் | இந்த ஃபைலுக்குள் தெரியும் |
| வந்த வழியே திரும்புவது | முடியும் | முடியும் | பட்டியல் மாறாதவரை | உறுதியில்லை |
| திருத்தினால் இடம் நிற்பது | குறி வைத்தால் | குறி வைத்தால் | குறி வைத்தால் | சேவகன் புதுப்பிக்கும் |
| திறக்காத ஃபைல் | உண்டு | உண்டு | பட்டியலைப் பொறுத்தது | பெரும்பாலும் இல்லை |
| எழுதும் உழைப்பு | குறைவு | நடுத்தரம் | அதிகம், டெஸ்ட் எழுத இன்னும் அதிகம் | சேவகனோடு பேசும் பகுதி பெரிது |

அட்டவணையில் வராத ஒன்று: ‘அடுத்தது’ என்பது பட்டியலில் அடுத்த எண்ணா, கர்சருக்குக் கீழே வரும் முதல் பிழையா? வழி 1இல் எண், வழி 4இல் கர்சர். மூன்றாவது பிழையில் நின்றுகொண்டு ஃபைலுக்குள் எங்கெங்கோ சுற்றிவிட்டு அடுத்தது அமுக்கினால், எண் கணக்கில் நான்காவது வரும்; கர்சர் கணக்கில் கண்ணுக்குக் கீழே இருப்பது வரும். இரண்டுக்குமே தேவை இருக்கிறது. அதனால்தான் குவிக்ஃபிக்ஸ் வந்து பல காலம் கழித்து, 2019இல் 8.2 பதிப்பில், கர்சரை வைத்து நகரும் சிபிலோ, சிஅபவ் கட்டளைகளை விம் தனியாகச் சேர்த்தது. ஒரே விசையில் இரண்டையும் திணிக்க வேண்டாம்.

## என் பரிந்துரை

இரண்டு ஜோடி விசைகள். முதல் ஜோடி வேலைப் பட்டியலுக்கு: மேக், தேடல் அல்லது ‘இதை எடுத்துக்கொள்’ என்று பயனர் சொன்னது. அந்தப் பட்டியல் பயனர் ஏதாவது ஓட்டினால் மட்டும் மாற வேண்டும். பஃபர் மாறியதாலோ, விண்டோ மூடியதாலோ, நேரலைச் சோதனை ஏதோ கண்டுபிடித்ததாலோ மாறக் கூடாது. எண் கணக்கில் நகரட்டும், ஃபைல் தாண்டிப் போகட்டும். இரண்டாவது ஜோடி நேரலைப் பிழைகளுக்கு: கர்சர் கணக்கில், இந்த ஃபைலுக்குள் மட்டும். விஎஸ் கோடின் எஃப்8 மாதிரி நேரலையை ஃபைல் தாண்டிப் போக விட வேண்டாம் என்பேன். பாதி ஃபைல்களைப் பார்க்காத பட்டியலுக்கு ஊர் சுற்றும் அதிகாரம் எதற்கு?

சேமித்தவுடன் பின்னணியில் மேக் ஓடும்படி சிலர் அமைத்திருப்பார்கள். அது ‘பயனர் ஓட்டியது’ ஆகாது. அந்த முடிவைத் தனியே வைத்துக்கொண்டு, ‘புதுப் பட்டியல் இருக்கிறது, எடுக்கவா’ என்று மூலையில் காட்டினால் போதும். நடுவில் க்ரெப் ஓட்டினால் பழைய பட்டியல் அடுக்கில் இறங்கட்டும், ஒரு விசையில் திரும்பி வரட்டும், நின்ற எண் மாறாமல்.

நகரும் ஒவ்வொரு முறையும் கீழே ஒரு வரி: பட்டியலின் பெயர், எத்தனையில் எத்தனாவது, ஃபைல் பெயர். ‘மேக் 3/5, ரசீது’ என்று வந்தால் வேறெதுவும் வேண்டாம்.

கம்பைலர் ஒரு பிழையோடு சேர்த்து விளக்கக் குறிப்புகளையும் அனுப்பும், ‘ஃபங்ஷன் இங்கே அறிவிக்கப்பட்டது’ என்கிற மாதிரி. அவற்றில் நிற்க வேண்டாம், தாண்டிப் போகட்டும். ஈமேக்ஸ் இயல்பாக அப்படித்தான் செய்கிறது. அதன் அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் எச்சரிக்கைகளையும் தாண்டும். பட்டியலின் கடைசிக்கு வந்தபின் தானாக முதலுக்குச் சுற்றுவதா, நிற்பதா என்பதில் விம், ஈமேக்ஸ் இரண்டும் நின்றுவிடுகின்றன. நியோவிமின் நேரலை நகர்வு சுற்றுகிறது. வேலைப் பட்டியல் நிற்கட்டும், ‘முடிந்தது’ என்று சொல்லட்டும். ஒரு ஃபைலுக்குள் சுற்றும் நேரலைப் பட்டியல் சுற்றினால் பாதகமில்லை.

ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது என்றால் வேலைப் பட்டியலையும் குறிகளையும் முதலில் முடியுங்கள். பத்தி எண் அலகு மாற்றத்தை அதோடு சேர்த்தே எழுதுங்கள், பிறகு செருகுவது கஷ்டம். எல்எஸ்பி அதற்கப்புறம், நேரம் இருந்தால். விண்டோவுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று யாராவது வந்து கேட்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.